இரண்டு வாய் வைத்த பானை

ஒரே குழியை முந்நூறு தடவை படமெடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கோத்து, குழியை அச்சு அசலாக முப்பரிமாணத்தில் எழுப்பிக் காட்டுவதுதான் அகழாய்வில் எங்கள் வேலை. கேமராவோடு தவழ்ந்து முட்டி தேய்ந்த என் இனமே, உங்களைச் சிரிக்க வைக்கிறேன். ஆனால் இப்போது இல்லை.

முந்நூறு எதுக்கு?

வலங்கைமான் பக்கம், நாங்கள் பெரியப்பா என்று கூப்பிடும் விவசாயி மகாலிங்கத்தின் வயலில் குழி. வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் மூடித் தருவதாகச் சொல்லித்தான் தோண்டினோம். தவறினால் அவருக்குக் குறுவை போச்சு. ஒரு பானையை நான் சுற்றிச் சுற்றிப் படமெடுப்பதை வரப்பில் குந்தியபடி பார்த்தார். "கல்யாணப் பொண்ணயே இத்தன படம் எடுக்க மாட்டானுவோ. உள்ள என்னமோ இருக்கு, பாப்பா."

தார்ப்பாய்க்குப் பின்னால்

எனக்கு வயது பதினெட்டு. ஆனால் என் தொண்டையில் பஸ் கண்டக்டர், கல்லூரி முதல்வர், எங்கள் குழுத் தலைவர் சார் எல்லோரும் குடியிருக்கிறார்கள். சும்மா இருக்க முடியுமா? தார்ப்பாய்க்குப் பின்னால் நின்று, சாரின் மூக்கடைத்த குரலில் போன் பேசுவதுபோல் நடித்தேன்: "ஆமாங்க, பானைக்குள்ள தங்கம்தான். வயக்காரருக்குத் தெரிய வேணாம்."

அந்தப் பக்கம் ஒரு நிழல் மெல்ல நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பெரியப்பா என் காதோரம் வந்தார். "நீ நல்ல பொண்ணு. அந்த சார் ஆளு சரியில்ல, பாத்து இருந்துக்க."

திரையில் வந்த வினை

பொறுங்கள், இன்னும் சிரிக்காதீர்கள். படமெடுத்து முடியும்வரை குழிக்குள் ஒரு ஓடுகூட அசையக் கூடாது. அசைந்தால் கம்ப்யூட்டர் குழம்பிவிடும். பாதியில் நாங்கள் சாப்பிடப் போன நேரம் யாரோ இறங்கியிருக்கிறார்கள். சாயங்காலம் திரையில் பானைக்கு இரண்டு வாய்! சார் எங்கள் ஒவ்வொருவர் காலிலும் சேறு தேடினார். "மறுபடி எடுக்காம குழிய மூட முடியாது. வேணும்னே எவனோ கெடுக்குறான்."

மண்வெட்டிக் காவல்

மறுநாள் பெரியப்பா மண்வெட்டியோடு குழியை மறித்து நின்றார். "தங்கத்தக் காட்டாம ஒருத்தரும் எறங்கக் கூடாது."

"எந்தத் தங்கம்?" என்றார் சார்.

"நடிக்காதீங்க சார், எங் காதால கேட்டேன்."

அடுத்த நாள் மதகு திறக்கிறார்கள். படம் எடுக்காமல் குழி மூடாது. மூடாவிட்டால் நடவு இல்லை. "நான்தான் பெரியப்பா, விளையாட்டுக்கு..." என்றேன்.

"சார் சொல்லிக் குடுத்தத ஒப்பிக்காத."

வேறு வழியில்லை. வாயை மூடி நின்ற சாருக்குப் பக்கத்தில் போய், அவர் குரலிலேயே சொன்னேன்: "ஆமாங்க, பானைக்குள்ள தங்கம்தான்."

பெரியப்பா சாரின் வாயைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். மண்வெட்டி கீழே விழுந்தது.

"அடிப்பாவி! ஒம் பேச்ச நம்பியில்ல நான் குழிக்குள்ள எறங்கிப் பானைய உருட்டிப் பாத்தேன்!"

மறுபடி படமெடுத்துக் குழியை அன்றே மூடினோம், குறுவையும் நட்டாயிற்று. பாவம் சார்தான், அவர் போனில் எதைச் சொன்னாலும் எல்லோரும் "வீடியோ கால்ல வாங்க" என்கிறார்கள்.