மாகிரட் கடைந்த பூசணிக்கூழ்

மாகிரட்டின் புருஷன் கிறிஸ்தோபர் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் இருந்த அவர்களுடைய வீட்டில், கலியாணமான முதல் மாதமே அவன் கைநீட்டத் தொடங்கிவிட்டான். எட்டு வருஷமாகியும் ஓயவில்லை. அந்த வீட்டுக்குள் வந்து அவளோடு இருந்து கதைக்கிற ஒரே ஆள் றுக்கியா. கிண்ணியாவிலிருந்து பூசணிக்காய் கொண்டுவந்து வீடுவீடாக விற்கிறவள், மாகிரட்டுக்கு மூத்தவள்.

அறுபத்திரண்டாம் ஆண்டு, ஆவணி மாதத்து ஒரு பகல். றுக்கியா கொடுத்த முற்றின பூசணிக்காயை மாகிரட் குசினி நிலத்தில் வைத்துப் பிளந்துகொண்டிருந்தாள். தோல் கல்லாக இருந்தது. கத்தியைப் பதித்து, அதன் முதுகில் கையுலக்கையால் ஓங்கித் தட்டினாள். றுக்கியா வாசலில் இருந்து வெற்றிலை மடித்தாள். அந்த நேரம் பார்த்து, வேலை இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்ட கிறிஸ்தோபர் சாராய வாடையோடு வந்தான்.

"சோறு எங்க?"

"உலையில கிடக்கு. கொஞ்சம் பொறுங்கோ."

அவன் பொறுக்கவில்லை. கொண்டையைப் பிடித்து இழுத்து அவள் முகத்தைச் சுவரில் மோதினான். மூக்கிலிருந்து கொட்டிய இரத்தம் பிளந்த பூசணியின் மஞ்சள் சதையில் தெறித்தது.

"விடுங்க தம்பி! புள்ளயக் கொல்லப் போறீங்களா?" றுக்கியா ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள்.

அவன் திரும்பி அவளையும் அறைந்தான். அடுப்புக்கல்லில் தலை அடிபட்டு விழுந்த றுக்கியா எழும்பவில்லை.

தனக்கு விழுந்த அடிக்கெல்லாம் ஒருநாளும் எழாத கோபம் அப்போது மாகிரட்டுக்கு எழுந்தது. காலடியில் கத்தி கிடந்தது, அதைத் தொடவில்லை. உலக்கையை இரண்டு கையாலும் பிடித்து அவன் தாடையைப் பார்த்து வீசினாள். காய்ந்த விறகு முறிகிறமாதிரிக் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு குந்தியவனின் விரலிடுக்கால் இரத்தத்தோடு ஒரு பல்லும் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் றுக்கியாவின் நெற்றிக்குத் தையல் போட்டார்கள். கிறிஸ்தோபரின் மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினார் டொக்டர்.

"எப்பிடி நடந்தது?"

"நான்தான் அடிச்சனான், டொக்டர்."

கிறிஸ்தோபர் இல்லையென்று வேகமாகத் தலையை ஆட்டினான். படிக்கட்டில் உருண்டு விழுந்ததாகக் கையால் காட்டினான். பெண்சாதியிடம் அடி வாங்கினவன் என்ற பெயரோடு அவனால் துறைமுகத்துக்குப் போக முடியாது. டொக்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கம்பி கழட்டுமட்டும் வாய் திறக்க ஏலாது. கூழாத்தான் குடுக்கோணும். ஒரு திப்பியும் இருக்கக்கூடாது."

அன்றிலிருந்து மாகிரட் பூசணிக்கூழ் செய்தாள். விதையையும் நாரையும் வழித்தெறிந்துவிட்டு, தோலோடு துண்டுகளை நீத்துப்பெட்டியில் வைத்து ஆவியில் அவித்தாள். தண்ணீரில் போட்டால் சதை சொதசொதத்து உப்புச்சப்பில்லாமல் போகும். வெந்ததும் தோலை உரித்து, மத்தால் கடைந்து, மெல்லிய துணியில் போட்டுப் பிழிந்து தேய்த்தாள். துணியில் நின்ற நாரைத் திரும்பவும் கடைந்தாள். கடைசியில் உப்பும் தேங்காயின் முதற்பாலும் விட்டு, விழுந்த பல்லின் இடைவெளியால் ஓடுகிற பதத்துக்கு இளக்கினாள்.

முதல் கோப்பையை அவன் தட்டிவிட்டான். கொதிக்கிற கூழ் அவள் முழங்கையில் ஒட்டித் தோலை உரித்தது. அவள் நிலத்தைத் துடைத்தாள். வேறு கூழ் கொண்டுவரவில்லை. அடுத்த நாள் மத்தியானம் பசி தாங்காமல் அவனே குசினிக்கு வந்து நின்றான். ஊட்டும்போதும் அவன் கண் அவள் கழுத்திலேயே இருந்தது. ஒருநாள் அந்தக் கழுத்தைப் பிடித்தும்விட்டான். மாகிரட் கரண்டியைப் போட்டுவிட்டு, வீங்கியிருந்த தாடையில் பெருவிரலை வைத்து அமுக்கினாள். கட்டின வாய்க்குள்ளே அவன் ஊளையிட்டான். கை விலகியது.

நெற்றித் தழும்போடு பூசணிக்காய் கொண்டுவந்த றுக்கியா கேட்டாள். "இவனுக்கு எதுக்கு இவ்வளவு பாடு, புள்ள? சுகமானதும் திரும்ப அடிப்பானே."

"ஓம், ராத்தா, தெரியும். முறிச்சது நான். பட்டினியில சாகவிட ஏலாது. கம்பி கழட்டட்டும்."

கம்பி கழற்றிய நாள், வீட்டுக்குள் கால் வைத்ததும் கிறிஸ்தோபர் கதவைச் சாத்தினான்.

"இவ்வளவு நாளும் என்னை ஆட்டினனி, என்னடி?" என்று அவள் வயிற்றில் உதைத்தான்.

விழுந்தவள், தன் மயிரை நோக்கி வந்த கையைப் பிடித்துக் கடித்தாள். எலும்பில் பல் முட்டுமட்டும் விடவில்லை. பிறகு வாயிலே இரத்தத்தோடு, ஓர்ஸ் ஹில் முழுக்கக் கேட்கக் கத்தினாள். அயலில் இருந்த ஆம்பிளைகள் கதவை உடைத்து வந்து அவனை மடக்கிப் பிடித்தார்கள். மாகிரட் எழுந்து, முகம்கூடக் கழுவாமல், மூதூருக்கு லோஞ்சுப் படகு புறப்படுகிற இறங்குதுறைக்கு நடந்தாள்.

மூதூரில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து, அப்பம் சுட்டு விற்றுப் பிழைத்தாள். முதல் மாதங்களில் றுக்கியாதான் அரிசியும் தேங்காயும் கொண்டுவந்து போட்டாள். அடுத்த வருஷம் கிறிஸ்தோபர் லோஞ்சில் வந்து அவள் கதவடியில் நின்றான். தாடை ஒருபக்கம் கோணிப் பொருந்தியிருந்தது.

"வீட்ட வா, மாகிரட்."

அவள் பயந்தாள். ஆனாலும் கதவை விட்டு விலகவில்லை.

"ஏலாது."

"நான் இனி அடிக்கமாட்டன்."

"அடிக்காமல் இருங்கோ. நான் வரமாட்டன்."

அவன் கை உயர்ந்தது. அப்பம் வாங்க நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கையால் மீசையைத் தடவிவிட்டு அவன் போய்விட்டான். மாகிரட் அடுப்படியில் குந்தி, தணிந்திருந்த நெருப்பை ஊதிவிட்டாள். பிறகு, காத்திருந்தவர்களுக்கு மாவை ஊற்றத் தொடங்கினாள்.