சோற்றுப் பெட்டி வைத்த எஞ்சின்

எங்கள் கரையில் ரயில் ஓடியதே இல்லை. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் கல்முனையில் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் என் கணவர் வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒரு ரயில் எஞ்சின் செய்தார். ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். கடையில் ஊராருடைய ரேடியோக்கள் வாய் திறக்காமல் கிடக்கும். இவர் வீட்டில் பித்தளையை அரத்தால் ராவிக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

களனிவெளிப் பக்கம் ஒடுங்கிய தண்டவாளத்தில் ஓடிய சின்ன ரயிலின் எஞ்சின் அது. இளவயதில் கொழும்பில் வேலை செய்தபோது அந்த ரயிலில் போய் வந்திருக்கிறார். கையில் இருந்ததோ ஒரு பழைய கலண்டர் படம் மட்டும்தான். அதைப் பார்த்துப் பித்தளைக் குழாயில் கொதிகலன் செய்தார், கசெட் ரெக்கோடரின் மோட்டரை அதன் வயிற்றுக்குள் வைத்தார், லேத் கடையில் சக்கரம் கடைந்து வாங்கினார். எஞ்சின் ஒரு முழ நீளம் இருக்கும். வலது பக்கம் அச்சொட்டாக வந்தது. இடது பக்கம்தான் சிக்கல். படத்தில் அந்தப் பக்கம் இல்லை.

"எத்தின தரம் ஏறி இரிக்கிங்க, அந்தப் பக்கத்தப் பாக்கல்லியா?" என்று கேட்டேன்.

"எனக்குச் சீட்டுப் புடிக்கத்தான் நேரம் இருந்திச்சி, புள்ள."

"அப்ப அதில ஒரு பெட்டி வைங்க. டிரைவர் சோத்துப் பார்சல வைக்கட்டும். பசியோட எப்பிடி ரயில் ஓட்டுற?"

நையாண்டிக்குத்தான் சொன்னேன். மனிதர் அப்படியே செய்துவிட்டார். உடைந்துபோன என் பித்தளைச் செம்பில் தகடு வெட்டி, தீப்பெட்டியில் பாதியளவில், மூடி போட்ட பெட்டி. அதை ஒட்டிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த காலையில் நான் சவளக்கடையில் தங்கச்சி வீட்டில் இருந்தேன். வீடும் போனது, அவரும் போனார். கல்யாணப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கணவரை இழந்தவள் என்று நான் பிற ஆண்களைக் காணாமல் இத்தா இருந்த நாட்களில், அவருடைய தம்பி கிணற்றடி மண்ணுக்குள் கிடந்த எஞ்சினைத் தோண்டியெடுத்து, அரிசிச் சாக்கில் சுற்றித் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாக்கை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. வருஷக்கணக்கில் கட்டிலுக்கடியில் கிடந்தது.

சண்டை முடிந்து, வழி நெடுக இறங்கி ஏறிச் செக்கிங் கொடுக்காமல் கொழும்புக்குப் போய்வர முடிந்த பிறகு, தம்பி அந்த நிஜ எஞ்சினைத் தேடிப் போய்ப் பார்த்தார். போனில் படமும் எடுத்து வந்தார். அண்ணனை அவர் காக்கா என்பார், என்னை மச்சி என்பார். காக்காவின் எஞ்சினை ஓட வைக்க வேண்டும் என்றார். சந்தோஷமாகத்தான் சாக்கை அவிழ்த்தேன். மண்ணெண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுற்ற வைத்தார், மோட்டரை மாற்றினார். பிறகு இடது பக்கத்தைத் திருப்பினார்.

"மச்சி, இந்தப் பக்கத்தில பெட்டி ஒண்டும் இல்ல. தண்ணிக் குழாய்தான் போகுது. இதக் கழட்டிருவம்."

"கழட்ட ஏலா."

"காக்கா கண்டிருந்தா அவரே கழட்டி இருப்பார். ஒரு ஆணி பிசகினாலும் பொறுக்காத மனிசன்."

அதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் கூடியது. வலது பக்கம் கலண்டரைப் பார்த்துச் செய்தது. இடது பக்கம் நாங்கள் இரண்டு பேரும் சிரித்துச் செய்தது. அதுவும் போனால் எங்கள் வாழ்க்கையில் கையால் தொட்டுப் பார்க்க எனக்கு எதுவுமே இல்லை. இதைத் தம்பியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. "இண்டைக்கு வேணாம். புளி போட்டு விளக்கித் தாறன், பொறகு பாப்பம்" என்று எஞ்சினைப் பறித்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன்.

தேய்க்கத் தேய்க்கப் பச்சைக் களிம்பு கரைந்தது. பெட்டியின் மூடி அசைந்தது. நகத்தால் நெம்பினேன். உள்ளே, கடையில் சோறு கட்டித் தரும் லஞ்ச் சீட்டில் மடித்து, நூல் சுற்றி, புளியங்கொட்டை அளவில் ஒரு பொட்டலம்.

சோற்றுப் பார்சல்.

எனக்குச் சொல்லவே இல்லை, பாவி மனிதர். என்றைக்காவது திறந்து பார்த்து நான் சிரிப்பேன் என்று வைத்திருப்பார். அங்கேயே குந்தி வாய்விட்டு அழுதேன்.

சத்தம் கேட்டுத் தம்பி ஓடி வந்தார். பொட்டலத்தை அவிழ்த்துப் பார்க்கக் கை நீட்டினார்.

"வைங்க தம்பி. அது டிரைவர்ட சோறு."

அவர் நூலை அவிழ்க்காமலே பொட்டலத்தை எடுத்தார். அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடியைச் சாத்தினார்.

"தண்ணிக் குழாயப் பெட்டிக்குக் கீழால வளைச்சி உடுறன், மச்சி" என்றார்.