வெள்ளியில் விழுந்த சந்தனம்

என் நாத்தனார் தாரணியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். தங்கை மேல் உயிர்தான், ஆனால் அவள் வேலை மட்டும் அவருக்கு விளங்கவே விளங்காது. "கண்ணுக்கே தெரியாத சரக்கை எவன் வாங்குவான்?" என்பார்.

கடையில் புடவை மடித்துக்கொண்டே வேதியியல் படித்தவள் அவள். இப்போது மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். வெள்ளியை நானோ துகள்களாக்கி, குடிநீரில் இருக்கும் கிருமியைக் கொல்வதுதான் ஆராய்ச்சி. துகள்கள் தனித்தனியாக நிற்க வேண்டும். ஒட்டிக் கட்டியாகிவிட்டால் பிரயோஜனமில்லை.

பின்லாந்தில் ஐனோ என்ற பேராசிரியையும் இதே வேலையில் இருக்கிறார். இரண்டு ஊர் மாணவர்களுக்கும் இணையத்தில் சேர்ந்தே வகுப்பு நடத்தலாம் என்று பேச்சு வந்தது. முதலில் தாரணி அனுப்பிவைக்கும் வெள்ளியை அங்குள்ள பெரிய நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தேறினால் கூட்டு வகுப்பு, இல்லாவிட்டால் வேறு கல்லூரி. அப்படி ஒரு கருவியைத் தன் மாணவிகள் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள் என்ற ஏக்கத்தில் சோறு தண்ணி இல்லாமல் வேலை செய்தாள்.

அந்த நாளும் வந்தது. "மதினி, இன்னைக்குத்தான் நம்ம வெள்ளியைப் பாக்குறாங்க, நீங்களும் வாங்க" என்றாள். கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

ஆய்வகத் திரையில் ஐனோ தெரிந்தார். பக்கத்திலேயே நுண்ணோக்கிப் படமாகத் தாரணியின் வெள்ளி. பார்த்தால் கட்டி கட்டியாகக் கிடக்கிறது! போகிற வழியில் ஒட்டிக்கொண்டுவிட்டதாம். தாரணியின் முகம் தொங்கிப்போனது. ஐனோ படத்தைக் கொஞ்சம் நகர்த்தினார். பெரிதாக ஏதோ வந்து திரையை அடைத்தது.

"இன்னா மேம் இது, பாறை மாதிரி கீது?" என்றாள் மாணவி வஜீஹா.

தாரணி என் கையைப் பிடித்தாள். "மதினி, அது சந்தனம்."

ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டில் கல்லாப்பெட்டி, கத்திரிக்கோல் ஒன்றையும் விடமாட்டோம். அதே பழக்கத்தில் இவள் ஆய்வகத்துக் குப்பிகளின் கழுத்துக்கெல்லாம் சந்தனம் வைத்திருக்கிறாள். மறுநாள் வெள்ளியை ஊற்றும்போது காய்ந்தது உதிர்ந்து உள்ளே விழுந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு போட்டிருப்பேன்.

"ஏட்டி, தூசின்னு சொல்லிரு" என்று கிசுகிசுத்தேன்.

"பொய் சொல்லிட்டு அவங்களோட எப்படி மதினி வேலை பாக்குறது?" என்றவள், நடந்ததை ஆங்கிலத்தில் அப்படியே சொல்லிவிட்டாள்.

ஐனோ சிரிக்கவில்லை. சந்தனத் துணுக்கை இன்னும் பெரிதாக்கினார், மேலும் பெரிதாக்கினார். அதன் மேலெல்லாம் வெள்ளிப் புள்ளிகள். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், தனித்தனியாக!

"மேம்! நிக்குது மேம்!" என்று வஜீஹா கத்தினாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

ஐனோ நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அவர் பேசப் பேச வஜீஹா எனக்குத் தமிழில் சொன்னாள். சந்தன மரத்தூள்தான் வெள்ளியைப் பிடித்து நிறுத்தியிருக்கலாமாம். தற்செயலா, நிஜமா என்று இரண்டு ஊரும் சேர்ந்து திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டுமாம். அதனால் ஜனவரியில் கூட்டு வகுப்பு உறுதியாம்.

"வகுப்பை யார் ஆரம்பிப்பது?" என்று தாரணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நீங்கள்தான்" என்றார் ஐனோ. " இதை நான் கண்டதே இல்லை. முதல் பாடம் நீங்கள் எடுங்கள், நாங்கள் உட்கார்ந்து கேட்கிறோம்."