சர்க்கரை வண்டிக்கு ஒதுங்கிய பாசஞ்சர்

அப்பாவுக்கு விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிற வேலை. எங்கள் வீடு திண்டிவனத்தில். தினமும் காலை பாசஞ்சரில் போய், சாயங்காலம் கிடைக்கிற வண்டியில் திரும்பி வருவார். கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதச் சொன்னார் அங்கிருந்த எழுத்தர். நான் ‘சுமைப் பணியாளர், ரயில் சரக்குக் கொட்டகை’ என்று எழுதினேன். இடம் போதாமல் கடைசி வார்த்தை கோட்டுக்கு மேலே ஏறிப் போனது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்படித்தான் எழுதுவேன்.

அப்போது திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு தண்டவாளம்தான். நான் சின்ன வகுப்பில் படிக்கும்போது மீட்டர் கேஜைப் பெயர்த்துவிட்டு அகலப் பாதை போட்டார்கள். அகலப் பாதை வந்ததும் கூட்ஸ் வண்டிகள் நீண்டுபோயின. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று ஏதாவது ஒரு ஸ்டேஷனின் ஓரத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்குவது பெரும்பாலும் பாசஞ்சர்தான். அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

“சிமெண்டு, உரம், சர்க்கரை எல்லாம் கம்பெனிக்காரன் சரக்கு. மூட்டைக்கு அவன் கொட்டிக் குடுக்கறான். நம்ம டிக்கெட்டு ஒரு டீக்காசு. எத முன்னாடி வுடுவான், சொல்லு?”

“மனுஷங்களத்தான்ப்பா முன்னாடி விடணும்.”

“மூட்டை போனாத்தான்டி இந்த மனுஷனுக்குச் சோறு. போவட்டும் வுடு.”

ரயில்வே பட்ஜெட் வருகிற மறுநாள் நான் டீக்கடையிலிருந்து பேப்பர் வாங்கிவந்து அவருக்குப் படித்துக் காட்டுவேன். இரண்டாவது பாதைக்கு அரசாங்கம் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் ஒதுக்கியிருப்பார்கள்.

“இந்தப் பணத்துக்கு எதுவரைக்கும் லைன் வரும்?”

“தெரியலப்பா. மொத்தச் செலவுல இது கொஞ்சம்தான்.”

“அப்ப மண்ணு மட்டும் கொட்டுவான். அடுத்த வருசம் மழ வந்து கரைக்கும். அதுக்கடுத்த வருசம் திரும்பக் கொட்டுவான். நல்ல வேலதான், லோடுமேனுக்கு.”

முதலாம் ஆண்டு முடிந்ததும் ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். எனக்கு அந்தப் புத்தகம் பிடித்திருந்தது. எங்கள் ஊர்ப் பெயர் அச்சில், அதற்கு நேரே நிமிஷம் தவறாமல் எண்கள். அப்பா அதைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுல போட்டிருக்கறது ரயிலுக்குத் தெரியுமாடி?” என்றார்.

“தெரியாமலா அச்சடிக்கிறாங்க?”

“ம்க்கும், படிச்சவங்க,” என்று அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

இரண்டாம் ஆண்டு, பொங்கல் கழிந்து கரும்பு அரவை நடந்துகொண்டிருந்த சமயம். ஆலைச் சர்க்கரை லோடு என்று இரண்டு நாளாக அப்பா வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்குப் பல் விளக்கப் போனவர் கையிலிருந்து சொம்பு விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், வலது கை வரவில்லை. அம்மா ஓடிப்போய்ப் பிடித்தபோது வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

தெருமுனை டாக்டர் வீட்டிலேயே வந்து பார்த்தார். “மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்கும்மா. இங்க வச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாது. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. எவ்வளவு சீக்கிரம் போறீங்களோ அவ்வளவுக்குப் பொழைப்பாரு.”

அம்மா உடனே சொன்னாள். “பஸ்ல போய்டலாம். பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஆட்டோ கூப்புடு.”

“பஸ்ல எப்படிம்மா உக்கார வைக்கிறது? நாலு வழி ரோடு போடறேன்னு பூரா தோண்டிப் போட்டு வச்சிருக்காங்க. குலுங்கிக் குலுங்கிப் போகும். பாசஞ்சர்ல சீட்டுல படுக்க வச்சிடலாம். ஏழு நாப்பதுக்கு வண்டி, எட்டு முப்பத்தஞ்சுக்கு விழுப்புரம்.”

“அவரு தெனமும் ஒம்போது, ஒம்போதரை ஆச்சின்னுல்ல சொல்வாரு?”

நான் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். “இதோ பாரு, தெளிவாப் போட்டிருக்கு. அவரு சும்மா சொல்வாரும்மா.”

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான் விரல் வைத்த இடத்தைப் பார்த்தாள். ரேஷன் கார்டு, பட்டா, மின்சாரக் கட்டணம் என்று காகிதம் சம்பந்தப்பட்ட எதிலும் எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை என்னுடையது. பதினாலு வயசிலிருந்து அப்படித்தான். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பாவின் வேட்டியைச் சரிசெய்யப் போனாள்.

அப்போது அப்பா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பலமான பிடி. “லோ... லோடு...” என்றார். நாக்கு தடித்திருந்தது. “இன்னிக்கு... லோடு...”

“வேலைக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. நான் ஆள் விட்டுச் சொல்லிடறேன்,” என்றேன். அவர் தலையை ஆட்டினார். சரி என்கிறார் என்று நினைத்தேன்.

பாசஞ்சர் சரியாக ஏழு நாற்பதுக்கு வந்தது. அம்மாவைப் பார்த்தேன், ‘பார்த்தியா’ என்கிற மாதிரி. அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. பெட்டியில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். அப்பாவின் தலையை அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். மயிலம் தாண்டியது. இன்னும் அரை மணி நேரம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு சின்ன ஸ்டேஷனுக்குள் நுழைகிற இடத்தில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி இடது பக்கம் சாய்ந்து திரும்பியது.

“ஓரம் கட்டிட்டான்,” என்றாள் எதிரில் இருந்த பூக்காரம்மா.

உடனே பெட்டியில் எல்லாரும் தளர்ந்தார்கள். தினமும் போகிறவர்களுக்கு அந்தக் குலுக்கலே போதும். டிபன் பாக்ஸ்கள் திறந்தன. சிலர் இறங்கி வேப்பமரத்தடிக்குப் போனார்கள். பூக்காரம்மா நாரை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். அப்பாவைப் பார்த்ததும் நிறுத்தி, “கூட்ஸு ரெண்டு வரும்போல பாப்பா. ஜல்தியா போய் மாஸ்டராண்ட சொல்லு,” என்றாள்.

நான் ஓடினேன். ஸ்டேஷன் மாஸ்டர் போனைக் காதில் வைத்திருந்தார். மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டார். நல்ல மனுஷர்தான். போனைக் கீழே வைத்துவிட்டார்.

“எதிர்ல வண்டி கெளம்பிடுச்சும்மா. ஒரே லைனு. அவன் வந்து சேராம உன் வண்டிய நான் எப்டி வுடுவேன்?”

“அப்போ அதுக்கு முன்னாடியே எங்களை விட்டிருக்கணுமே சார்? எட்டு முப்பத்தஞ்சுக்கு விழுப்புரம்னு டைம்டேபிள்ல போட்டிருக்கு. கூட்ஸ் வரும்னு அதுல எங்கேயும் இல்லையே?”

அவர் என்னைக் கோபமில்லாமல் பார்த்தார். “கூட்ஸுக்கு ஏதும்மா டைம்டேபிள்? லோடு ரெடியானா கெளம்பும். புக்குல ஜனங்க ஏர்ற வண்டி மட்டுந்தான் இருக்கும்.”

திரும்பி வரும்போதே தண்டவாளம் அதிர்ந்தது. முதல் கூட்ஸ் வந்தது. மூடிய பழுப்பு வேகன்கள் ஒவ்வொன்றாக எங்கள் ஜன்னலை மறைத்து மறைத்துப் போயின. அப்பா கண்ணைத் திருப்பி அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு இடுக்குகளில் வெள்ளையாகச் சர்க்கரை ஒட்டியிருந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு நாளாக அவர் முதுகில் ஏற்றிய லோடு. இன்றைக்குக் காலையில் கிளம்பும் என்று அவருக்குத் தெரியும். அதைத்தான் வீட்டில் என் கையைப் பிடித்துச் சொன்னார்.

“அப்பா,” என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அது போன பிறகும் சிவப்பு மாறவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து இன்னொன்று வந்தது. ரோட்டுக்குப் போய் ஏதாவது வண்டி பிடிக்கலாம் என்று அம்மா எழுந்தாள். ரோடு வயலுக்கு அந்தப் பக்கம், ஒன்றரை மைல். கீழே நின்ற ஆண்கள் இரண்டு பேர் தூக்கிக்கொள்கிறோம் என்று ஏறி வந்தார்கள். அவர்கள் கை வைத்த நேரத்தில் எங்கள் வண்டிக்குப் பச்சை விழுந்தது. மறுபடி படுக்க வைத்தோம்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது மணி பத்தே முக்கால். சீட்டில் நோய் கண்ட நேரம், கொண்டுவந்த நேரம் இரண்டையும் நான்தான் எழுதினேன். டாக்டர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். சின்ன வயசுக்காரர்.

“திண்டிவனம்தானே? நாலு மணி நேரம் எங்கம்மா இருந்தீங்க?”

அம்மாதான் சொன்னாள். “கூட்ஸு போச்சு சார்.”

ஆறாம் நாள் அப்பா போய்விட்டார். இடையில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் இடது கையை என் முழங்காலில் வைப்பார். வேறு எதுவும் அவரால் முடியவில்லை.

காரியத்துக்கு முகையூர்ப் பக்கத்திலிருந்து அத்தை வந்திருந்தாள், அப்பாவுக்கு ஒரே அக்கா. பத்து பேர் நடுவில் மாரில் அடித்துக்கொண்டு கேட்டாள். “எவடி எடுத்த முடிவு இது? சாவக் கெடக்கறவன பாசஞ்சர்ல ஏத்திக்கினு போறதுன்னு எவ சொன்னா? எம் தம்பிய நட்டாத்துல நிக்க வச்சிட்டீங்களேடி!”

நான் காபித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டு உள்ளே நின்றேன். வெளியே அம்மாவின் குரல் கேட்டது, தடுமாற்றமே இல்லாமல்.

“அவருதான் அண்ணி. பஸ்ஸு வாணாம், நம்ம ரயில்லியே போவலாம்னு அவருதான் கையக் காட்டுனாரு. நான் சொல்லிப் பாத்தேன், கேக்கல.”

அத்தை அடங்கினாள். “அவன் அப்டித்தான். ரயிலு ரயிலுன்னே கெடந்தான், பாவி,” என்று அழுதாள். எல்லாரும் ஆமாம் என்றார்கள். நான் வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தண்ணீரைத் திறந்து விட்டு அதே தம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். படித்த பெண், குடும்பத்துக்குப் பெருமை என்று அத்தை அன்றைக்கும் என் தலையைத் தடவிவிட்டுத்தான் போனாள்.

இப்போது இரண்டாவது பாதை வந்துவிட்டது. நான் விழுப்புரத்தில் வேலைக்குப் போகிறேன், அதே பாசஞ்சரில். கூட்ஸ் வந்தால் பக்கத்துத் தண்டவாளத்தில் அதன் பாட்டுக்குப் போகிறது. அம்மாவிடம் இரண்டு முறை பேச்சை எடுத்தேன். இரண்டு முறையும், “அது முடிஞ்சி போச்சி. நீ வேலையப் பாரு,” என்று எழுந்துபோனாள்.

போன மாதம் அத்தையின் பேத்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பத்தாவது படிக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள். அப்பாவின் படத்தைப் பார்த்து, “பிடிவாதமா ரயில்லதான் போவேன்னு சொல்லி செத்துப் போன தாத்தாதானே?” என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஆமாம் என்று நான் தலையாட்டினேன்.

அந்தப் பெண் எழுத்துக் கூட்டாமல் தமிழ் படிப்பாள். எங்கள் குடும்பத்தில் இப்போது அவளைப் போல நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ரயிலில் போகலாம் என்று சொன்னது தாத்தா இல்லை. அவர் வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். சொன்னது நான்.