குதிரைவலுவும் செல்வராஜின் வலது காலும்

நன்றாக ஓடுகிற வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிற ஆளைக் கண்டால்தான் ஒரு மெக்கானிக் பயப்பட வேண்டும். ஓடாத வண்டி என்றால் கோளாறு எங்கே என்று தேடலாம். ஓடுகிற வண்டியில் கோளாறை நாமேதான் உண்டாக்க வேண்டியிருக்கும். கராஜ் வைத்திருந்தவர்களுக்கும், கராஜ் வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்கும் நான் சொல்வது விளங்கும்.

யுத்தத்தின் கடைசி வருஷங்களில் உக்குவளையில் ரோட்டோரமாக என் கராஜ் இருந்தது. அங்கே ஒரே ஒரு பிக்கப்பால் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

இன்னும் கொஞ்சம்

நலீம் நானா போஞ்சி வியாபாரி, பீன்ஸ் என்றும் சொல்வார்கள். ரத்தோட்டைக்கு மேலே மலைக் கிராமங்களில் போஞ்சி வாங்கி, விடிந்தும் விடியாமலும் தம்புள்ளை சந்தைக்கு அனுப்புவார். முதலில் போய் இறங்குகிற போஞ்சிக்குத்தான் அங்கே மரியாதை. அதற்காகவே ஜப்பானில் ஓடி, இங்கே இறக்குமதியான பிக்கப் ஒன்றை வாங்கியிருந்தார். அதன் எஞ்சினில் சுப்பர்சார்ஜர் இருந்தது. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற சாமான் அது, பெல்ட்டில் சுழலும். அதுவரை நான் அதைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

பொனட்டைத் திறந்ததும் எனக்கு வாயெல்லாம் பல். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லையே, எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். "கொறை ஒண்டும் இல்ல பாஸ். இப்பவே பறக்குது. இன்னும் கொஞ்சம் பறந்தா நல்லா இரிக்கும்" என்றார்.

கடைசல் பட்டறை

விஷயம் சின்னதுதான். சுப்பர்சார்ஜரின் பெல்ட் ஒரு சில்லில், அதாவது சக்கரத்தில், ஓடுகிறது. அந்தச் சில்லைச் சிறிதாக்கினால் அது வேகமாகச் சுற்றும், காற்று கூடும். அதற்கேற்றபடி பெற்றோலையும் கூட்டிவிட்டால் குதிரைவலு ஏறும். மாத்தளையில் கடைசல் பட்டறை வைத்திருந்த என் கூட்டாளி ஜோசப்பிடம் அளவு கொடுத்து ஒரு சின்னச் சில்லு கடைந்து வாங்கினேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. அக்ஸிலேட்டர் பெடலை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் கெட்டியாக இருந்தது. அதைக் கழற்றிவிட்டு மெல்லியதாக ஒன்றைப் போட்டேன். இப்போது பெருவிரல் பட்டாலே எஞ்சின் உறுமியது. ஜோசப்பையும் ஏற்றிக்கொண்டு ரத்தோட்டை மேட்டில் நானே ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் கியரிலேயே ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை, ஏன் மறைக்க வேண்டும். ஜோசப் இறங்கி, சிலுவை போட்டுக்கொண்டு சொன்னான்: "இந்தச் சில்ல யாரு கடைஞ்சதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லிறாத அந்தோனி."

முதல் ஆள்

மூன்று நாள் அந்தப் பிக்கப்தான் தம்புள்ளைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது. நலீம் நானா சந்தோஷத்தில் இனிப்பாக வட்டிலப்பம் கொண்டுவந்து கொடுத்தார். வண்டியை ஓட்டியவன் செல்வராஜ். எல்கடுவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடொன்றில் குடியிருந்தான், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், பேச்சு குறைவு. வண்டி எப்படி என்று அவனைக் கேட்டேன். கேட்டேனே தவிர அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வட்டிலப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வண்டிக்கு ஒரு கொறையும் இல்லைங்க அண்ணே" என்றான்.

இரண்டு அடி

நாலாம் நாள், பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்க்க நானும் கூடப் போனேன். வழியில் ஒரு ராணுவச் சோதனைச் சாவடி. அந்த நாட்களில் அந்த ரோட்டில் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தூரத்திலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும், கண்ணாடியை இறக்க வேண்டும், கை காட்டினால் ஊர்ந்து போய்த் தடையின் முன்னால் நிற்க வேண்டும். அடையாள அட்டையில் இருப்பது தமிழ்ப் பெயர் என்றால் இறங்கவும் வேண்டும்.

செல்வராஜ் கிளச்சைப் பாதி விட்டு ஊர்ந்தான். அவனுடைய வலது முழங்கால் தையல் மெஷின் மிதிக்கிறவன் கால் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்துக்கே எஞ்சின் உறுமியது. உறுமலைக் கேட்டு அவன் பதறினான், கிளச்சிலிருந்து கால் வழுக்கியது. பிக்கப் பாய்ந்து, மண் நிரப்பிய பீப்பாயில் முட்டியது. மூன்று துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின. நான் எட்டிச் சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினேன். இருவரும் கைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

போஞ்சி மூட்டைகளை ஒன்றுவிடாமல் அவிழ்த்துப் பார்த்தார்கள். நான் ரோட்டோரம் முழங்காலில் இருந்தபடி, சின்னச் சில்லையும் மெல்லிய ஸ்பிரிங்கையும் பற்றிச் சிங்களத்தில் விளக்கினேன். என் வேலையைப் பற்றி அவ்வளவு கவனமாக அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அதிகாரி பொனட்டைத் திறக்கச் சொன்னார். ஸ்பிரிங்கை ஒற்றை விரலால் இழுத்துப் பார்த்தார். அடையாள அட்டைகளைத் திருப்பித் தந்தபோது சொன்னார்: "இன்னும் ரெண்டு அடி வந்திருந்தா, இதையெல்லாம் சொல்றதுக்கு நீ இருந்திருக்க மாட்டே."

கெட்டி ஸ்பிரிங்

கராஜுக்கு வந்து சேர்ந்ததும் என் பயமெல்லாம் கோபமாக மாறியது. இத்தனை வருஷமாக ஓட்டுகிறாய், ஒரு பெடலை ஒழுங்காக மிதிக்கத் தெரியாதா என்று செல்வராஜைப் பிடித்துக் கத்தினேன். நான் ஓய்ந்த பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்: "செக்பொயின்ட்ட கண்டா என் கால் எப்பவும் நடுங்கும்ங்க அண்ணே. பழைய பெடல் கெட்டியா இருந்துச்சு, அது தாங்கிக்கிச்சு."

பிந்தினால்

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த எஞ்சினை நான் என் காலுக்கு அளவெடுத்திருந்தேன், அதுவும் சாவடியே இல்லாத ரோட்டில். சாவடிகளைத் தாண்டும்போது நானும் பஸ்ஸில் நடுங்கிக்கொண்டு இருந்தவன்தான். ஆனால் பஸ்ஸில் போகிறவன் காலடியில் பெடல் இல்லை.

அன்றைக்கே பழைய சில்லையும் கெட்டி ஸ்பிரிங்கையும் பூட்டினேன். இனி நலீம் நானாவுக்குச் சொல்ல வேண்டும். அவர் வேகம்தான் வேண்டும் என்று வேறு டிரைவரைப் பிடித்தால் செல்வராஜின் பிழைப்பில் மண். வண்டியை மெதுவாக்கிவிட்டேன், பிழை என்னுடையது, அவனுடையது அல்ல என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பொனட்டை மூடினார். பிறகு சொன்னார்: "போஞ்சி பிந்தினா வாடும், அவ்வளவுதான். இவன் வராமப் போனா இவன்ட ஊட்டுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

அதே சில்லு

சின்னச் சில்லு சில மாதம் என் மேசையில் கடதாசிகளுக்குப் பாரமாகக் கிடந்தது. அதைப் பற்றித் தம்புள்ளையில் யாரோ சொல்லி, வில்கமுவவிலிருந்து திஸ்ஸ என்ற சிங்கள நெல் விவசாயி தேடி வந்தார். அவரிடமும் அதே மாதிரிப் பிக்கப். அவர் கேட்டது சந்தைக்குப் போகிற வேகம் இல்லை. அவர்கள் ஊருக்கு பஸ் வருவதே அபூர்வம். காட்டுப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும், அதற்கு வேகம் வேண்டும் என்றார். அவருக்கும் பயம் இருந்தது, வேறு பக்கத்திலிருந்து, புலிகளிடமிருந்து, வருகிற பயம். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் எச்சரித்தும் கேட்காமல் மெல்லிய ஸ்பிரிங்கையும் பூட்டச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து ஒயில் மாற்ற வந்தார். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. சாவடியில் ஊர்ந்து போகும்போது வண்டி பாய்கிறதா என்றேன். நான் என்ன கேட்கிறேன் என்றே அவருக்கு விளங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "அங்கே நான் ஊர்ந்து போனதே இல்லையே தம்பி. கையைக் காட்டுவாங்க, நான் போவேன்."

ஒரு வண்டிக்கு எத்தனை குதிரைவலு என்பதைத் தீர்மானிக்கிறவன் மெக்கானிக் என்று அத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தவன் நான்.