பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஐஸ் டீ

சேல்ஸ் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் டெமோ எப்படிச் செய்வது என்று கேட்கும்போதெல்லாம், உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு வீட்டுக் கூடம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. இன்று நினைத்தாலும் கூசிப் போகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஒரு தேயிலைக் கம்பெனியில் சேல்ஸ்மேனாக இருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வரைக்கும் என் லைன். அங்கே ஓடுவதெல்லாம் டஸ்ட் டீதான். தூளைப் போட்டு, பால் ஊற்றி, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால்தான் அந்தப் பக்கத்தில் அதற்கு டீ என்று பெயர். அந்தக் கோடையில் கம்பெனி இலைத் தேயிலையை இறக்கியது. ‘வீட்டிலேயே ஐஸ் டீ’ என்று போஸ்டர், டெமோ காட்டக் கண்ணாடி டம்ளர்கள். “லீஃப் மூவ் ஆகலைன்னா லைனை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்” என்று ஏரியா மேனேஜர் சொல்லிவிட்டார்.

உத்திரமேரூர் பக்கத்து ஊர் ஒன்றில் ஏகாம்பரம் என் நல்ல பார்ட்டி, தவறாமல் சரக்கு எடுப்பவர். கொஞ்சம் நிலம், வீட்டை ஒட்டி ஒரு மளிகைக் கடை. அவர் கடை வாசலில் நின்றிருந்த ஆண்களைக் கூட்டி வைத்து ஐஸ் டீ போட்டுக் காட்டினேன். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, இலையைப் போட்டு மூடி வைக்க வேண்டும். சாறு இறங்கியதும் வடிகட்டி, சூட்டிலேயே சர்க்கரை கலந்து ஆறவிட வேண்டும். பிறகு ஐஸ், எலுமிச்சைச் சாறு. வேலை அவ்வளவுதான்.

ஏகாம்பரம் ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

“சோக்கா கீது சார். வர்ற ஞாயித்துக்கெயமை எம்பொண்ணு செல்விய பாக்க மெட்ராஸ்லேந்து வராங்க. இந்த வெயில்ல சுடச்சுட டீய குடுத்தா நல்லாவா இருக்கும்? நீங்களே வந்து இத்த போட்டுக் குடுங்க.”

“டீத்தண்ணிய மட்டும் வீட்ல போட்டு ஆற வைக்கச் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்” என்றேன். ஒரு நல்ல காரியத்தில் ஐஸ் டீ கொடுத்துவிட்டால் ஊரே கேட்டு வாங்கும் என்பது என் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓரமாக மேசை போட்டு, டம்ளர்களில் ஐஸ் போட்டு, எலுமிச்சை பிழிந்து தயாராக வைத்தேன். சும்மா இருந்தேனா? “சிட்டியில இப்ப இதாங்க ஃபேஷன்” என்று லெக்சர் வேறு. செல்வி உள்ளேயிருந்து எவர்சில்வர் ஜக்கோடு வந்து, நான் காட்டிய முதல் டம்ளரில் ஊற்றினாள்.

ஊற்றியது பால் டீ.

நான் வாயைத் திறப்பதற்குள் டம்ளர் நிறைந்துவிட்டது. எலுமிச்சைச் சாறு தன் வேலையைக் காட்டியது. டீயின் நிறம் தெரியட்டும் என்று கம்பெனி கொடுத்த கண்ணாடி டம்ளரில், பால் திப்பி திப்பியாகத் திரிந்து மேலே வந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

“இன்னாம்மா இது? நல்ல காரியம் பேச வந்த எடத்துல பால் திரிஞ்சி போச்சே” என்றார் தாய்மாமன்.

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. கதவோரம் நின்றிருந்த அவள் அம்மா கன்னியம்மா பதறிக்கொண்டு வந்தார்.

“எம்மேலதான் தப்பு. சம்பந்தி வூட்டாருக்குப் பாலில்லாத டீயா குடுக்கறதுன்னு நான்தான் கறந்த பாலா ஊத்திக் காச்சினேன். எனக்குத் தெரியாதும்மா.”

“இல்லீங்க, தப்பு என்னோடதுதான்” என்று நானும் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. அவசரமாகச் சுடச்சுட டஸ்ட் டீ வந்தது. வந்தவர்கள் பாதி குடித்துவிட்டு, “சொல்லி அனுப்பறோம்” என்று எழுந்தார்கள். கம்பெனி டம்ளர்களை அள்ளிக்கொண்டு நான் பின்பக்கமாக நழுவினேன். ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சை என் டெமோவாக்கிக் கொண்டேனே என்று வண்டி ஓட்டும்போதே மனசு உறுத்தியது.

அடுத்த தடவை அந்த ஊருக்குள் திரும்பாமலே போய்விட்டேன். அதற்கடுத்த தடவை ஏகாம்பரம் முகத்தில் விழிக்காமல் தீராது என்று போனேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து சேதி எதுவும் வரவில்லையாம்.

“அத்த வுடுங்க சார். அவுங்க கேட்ட நகை நம்மால ஆவாது. டீயால ஒண்ணும் கெட்டுப்போவல” என்றார். நிஜமாகவே அதுதான் காரணமா, என்னைத் தேற்றச் சொன்னாரா, தெரியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். வழக்கமான டஸ்ட் ஆர்டரையும் கொடுத்துவிட்டு, “உள்ள வாங்க. செல்வி உங்கள இன்னாவோ கேக்கணும்னு சொல்லிக்கினு கீது” என்றார்.

“ஊரே கேட்டு சிரிக்குது சார். அந்த ஐஸ் டீ எப்பிடித்தான் இருக்கும்னு ஒரு தபா குடிச்சிப் பாக்கணும்” என்றாள் செல்வி.

நான் சமையற்கட்டு வாசலில் நின்று சொல்லச் சொல்லக் கன்னியம்மா செய்தார். தண்ணீரை இறக்கினார், இலையைப் போட்டு மூடினார், வடிகட்டினார். பழக்கதோஷத்தில் கை ஒருமுறை பால் செம்புக்குப் போய்த் திரும்பியது. ஆறியதும் ஐஸும் எலுமிச்சையும் சேர்த்தோம். தேன் நிறத்தில் தெளிவாக வந்தது. செல்வி முழு டம்ளரையும் குடித்தாள். கன்னியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“நல்லாத்தான் கீது. இத்த அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லி இருந்தா, நான் ஏன் சார் பால் ஊத்தப் போறேன்?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கடை வாசலில் நின்ற ஆண்கள் அத்தனை பேருக்கும் செய்து காட்டியிருந்தேன். அந்த வீட்டில் தினமும் டீ போடுகிறவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு எந்த ஊரிலும் கடை வாசலோடு நான் டெமோவை முடித்ததில்லை. அடுப்பு யார் கையில் இருக்கிறதோ அவரைக் கூப்பிட்டுத்தான் ஆரம்பிப்பேன். புதுப் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அன்று கன்னியம்மா வீட்டிலிருந்து தலையைக் குனிந்துகொண்டுதான் வெளியே வந்தேன்.