லட்டுவின் குறட்டை

எங்கள் தட்டைமூஞ்சி பக் நாய் லட்டுவின் குறட்டையைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். மலைமேல் இருக்கும் எங்கள் நாகலூரில் மழையும் மூடுபனியும் காப்பிச் செடிகளும் அடங்கிய பிறகும் பாடுகிற ஒரே குரல் அதுதான் என்று வருவோரிடமெல்லாம் பெருமையடிப்பேன்.

சேலத்தில் ஓர் ஆண் பக் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஜோடி சேர்க்க லட்டுவைக் காரில் கூட்டிப் போனோம். குட்டிகளுக்கு அக்கம்பக்கத்தில் அப்போதே போட்டி. கிளம்பும்போது இங்கே குளிர். வழக்கம்போல் அதற்குக் கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டேன். கீழே மே மாத வெயில் கொதிக்கும் என்பது மலைவாசியான எனக்கு உறைக்கவில்லை.

மலையிறங்கி அடிவாரத்துக் குப்பனூரை நெருங்கும்போது மனைவி அலறினாள். “ஏனுங்க, வண்டிய நிறுத்துங்க! லட்டு நாக்கு நீலமாயிருச்சுங்க!”

சட்டையைக் கழற்றி, பாட்டில் தண்ணீரை மேலே ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை டாக்டரிடம் ஓடினோம். லட்டுவின் மூச்சு சீரானதும் அவர் கேட்டார்.

“ஏனுங்க, மூக்கைப் பாதி பொத்திக்கிட்டு நீங்க மலையேறுவீங்களா? இது பொறந்ததுலேர்ந்து அப்படித்தான் மூச்சு விடுது. அழகுன்னு மூஞ்சியத் தட்டையாக்கினது நாமதானுங்க. குட்டிகளும் இப்படித்தான் திணறும்.”

ஆண் நாயைப் பார்க்காமலே மலையேறினோம். பிறகு லட்டுவுக்குக் கருத்தடை செய்தோம். இப்போது வெயிலுக்கு முன்பே நடை முடிந்துவிடும். மூச்சை நெரிக்கும் கழுத்துப் பட்டையும் கிடையாது, மார்புப் பட்டைதான்.

“குட்டி எப்பங்க?” என்று இன்னும் கேட்கிறார்கள்.

“இவ ஒருத்தி நல்லா மூச்சு விட்டாப் போதுங்க, நொம்ப சந்தோசம்” என்கிறாள் மனைவி.

குறட்டை முழுக்க நிற்கவில்லை. சத்தம் ஏறினால் எழுந்து, லட்டுவின் தலைக்கடியில் மடித்த துண்டை வைக்கிறேன். அது தணிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வருகிறது.